பன்னிரண்டு புள்ளி ஆறு

தீர்ப்பில் எல்லாம் இருந்தது.
கொட்டகை எனக்கு. லாரி அவனுக்கு.
ஏப்ரல் முடியும்வரை லாரி
என் கொட்டகையில் நிற்கலாம்.
பேட்டரியைப் பற்றி
நீதிபதி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சஸ்காட்சுவானில் நவம்பரே பல்லைக் காட்டும்.
தகரச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு
நிற்கிறது அந்தத் தானிய லாரி.
ஏறும் படிக்குக் கீழே, பெட்டிக்குள்,
இரண்டு பேட்டரி, தோளோடு தோளாக.
ஒன்று போன அறுவடைக்கு வாங்கியது.
மற்றது ஏழு குளிர்காலம் பார்த்தது.

அல்பர்ட்டா எண்ணெய் வயலிலிருந்து
ஓரெஸ்ட் போனில் கேட்டான்:
"அப்பப்போ சார்ஜ் ஏத்திடுவியா?"
அப்பப்போ என்றால் எப்போது என்றேன்.
அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

ஞாயிறுதோறும் மீட்டரோடு போனேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் நிறைவு.
பன்னிரண்டு புள்ளி ஒன்று, பாதி உயிர்.
விதைக் கம்பெனிக் காலண்டரில்
பென்சிலால் குறித்துவைத்தேன்,
யாருக்கும் காட்ட அல்ல.

"அவன் வண்டி செத்தா உனக்கென்ன?"
பக்கத்துப் பண்ணை டோரீன் சிரித்தாள்.
எனக்கொன்றுமில்லை.
ஆனால் நிறைந்த பேட்டரி
பூஜ்யத்துக்கு நாற்பது கீழே போனாலும் உறையாது.
காலியானதுதான் உறையும்.
வயிறு வெடித்து
என் தரையில்தான் அமிலம் ஓடும்.
அவளிடம் இதைத்தான் சொன்னேன்.
இது உண்மையும்கூட.

ஜனவரி. ஏற்றுகிறேன், இறங்குகிறது.
மறுபடி ஏற்றுகிறேன், இறங்குகிறது.
குளிர்தான் குடிக்கிறது என்றிருந்தேன்.
ஒருநாள் கேபிளைக் கழற்றி
நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தால்,
சாவி என் பையில், எஞ்சின் கல்லாக,
ஆனாலும் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைய
இருட்டுக்குள் எங்கோ நடந்து போகிறது.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
விரல் மரத்தது. வாயில் வைத்துச் சூடேற்றினேன்.
ரேடியோ இல்லை.
ஹாரன் இல்லை.
ஒன்பதாவது ஃபியூஸில் எண் விழுந்தது.

டேஷ்போர்டு அறை.
மூடி ஒரு விரற்கடை சாத்தாமல் நிற்க
உள்ளே பட்டாணி அளவு பல்பு,
நவம்பரிலிருந்து அணையாமல்,
களஞ்சிய ரசீதுகளுக்கும்
சூரியகாந்தி விதைத் தோலுக்கும்
ஒற்றைக் கையுறைக்கும்
வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.
அழுத்தினேன், திறந்துகொண்டது.
ஓங்கிச் சாத்தினேன்.
(நான் கதவு சாத்தும் விதம்
தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.)
கடைசியில் பல்பையே கழற்றி
சாம்பல் கிண்ணத்தில் போட்டேன்.

அன்றே இரண்டு பேட்டரியையும் பிரித்துவிட்டேன்.
நெகட்டிவ் முதலில், அதுதான் முறை.
சேர்ந்திருந்தால் பழையது புதியதையும்
தன் மட்டத்துக்கு இறக்கிவிடும்.
"கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது," என்றான் லைல்,
மெக்கானிக், இரண்டு முறை விவாகரத்தானவன்.
"தண்ணி மட்டம் தேடுற மாதிரிதான்."

ஒரு வாரம் இதற்கு, ஒரு வாரம் அதற்கு.
சின்னச் சார்ஜர், இரவெல்லாம்
கொட்டகைக் கதவின் கீழே ஒரு பச்சைப் பொட்டு.
சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும்.
சில இரவு பார்த்தேன்.
சில இரவு திரையை இழுத்துவிட்டேன்.

ஏப்ரல் இருபத்தொன்று. வாசலில் ஹாரன்.
முந்தின நாளே இரண்டையும் மறுபடி சேர்த்திருந்தேன்,
சார்ஜர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அவசரத்தில் கிளிப்புகளை முதலில் பிடுங்கினேன்.
ப்ளக் தூரச் சுவரில், ஸ்விட்ச் போட்டபடி.
ஓரெஸ்ட் இளைத்திருந்தான்.
மீட்டர் கேட்கவில்லை, காலண்டர் பார்க்கவில்லை.
ஏறி, சாவியைத் திருப்பினான்.
பாதித் திருப்பிலேயே பற்றிக்கொண்டது.
தகரமெல்லாம் அதிர்ந்தது.

"நல்ல பேட்டரி," என்றான்.
ஆமாம் என்றேன்.

கரண்டுக்கென்று இருபது டாலரை
எண்ணெய் டிரம்மில் வைத்து
மேலே ஒரு நட்டைப் பாரம் வைத்தான்.
கணக்குப்படி பதினொன்று நாற்பதுதான்.
மீதி இருக்கிறது என்று சொல்வதற்குள்
வண்டி சரளைக்கல் பாதைக்கு இறங்கிவிட்டது.
ஜன்னல் வழியே கையை உயர்த்தினான்.

என் வலக்கையில் சிவப்பு.
இடக்கையில் கறுப்பு.
இரண்டும் தொட்டுவிடாமல்
தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.